அப்பாவின் நெறிக்கட்டியில் குரோமோசோம் மாறியிருக்கிறது, பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அப்பாவுக்கு 59 வயது, தக்காளி விவசாயம். ஒரு வருடமாக அவருக்குக் கழுத்திலும் அக்குளிலும் நெறிக்கட்டி, வலி இல்லை. டிபியாக இருக்கும் என்று முதலில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள், எதுவும் தெளிவாக வரவில்லை. பிறகு பெங்களூருவில் ஒரு கட்டியை முழுதாக எடுத்து டெஸ்ட் செய்து, ‘ஃபாலிகுலர் லிம்ஃபோமா, கிரேடு 1-2’ என்றார்கள். ஃபிஷ் என்று இன்னொரு ரிப்போர்ட்டும் வந்தது: ‘டி(14;18) உள்ளது. ஐஜிஹெச்-பிசிஎல்2 இணைவு 200 செல்களில் 124, அதாவது 62 சதவீதம். மைக் ஜீனில் மாற்றம் இல்லை.’ இவ்வளவும் எழுதிவிட்டு, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 62 சதவீதம் பரவிய நோயை எப்படி மருந்தில்லாமல் விடுவது? இந்த பிசிஎல்2-வை அடக்க மாத்திரையே இருக்கிறது என்று நண்பன் சொல்கிறான், அதைக் கேட்கலாமா? குரோமோசோம் கோளாறு என்றால் பரம்பரையாக வருமா? அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. நானும் மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், எங்கள் இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தங்கைக்கு வேறு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மருந்து தெளித்ததால் வந்தது, ஊர்த் தண்ணீரால் வந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

- வாசகர், பாலக்கோடு

பதில்: வணக்கம். அப்பாவின் கட்டி, உங்கள் மனைவிக்குத் தங்காத கரு, தங்கையின் வரன் என்று மூன்று கவலைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு உங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் பரம்பரைக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்பது நெறிக்கட்டியில் உள்ள வெள்ளணுக்களில் வரும், பெரும்பாலும் மெதுவாக வளரும் ஒரு புற்றுநோய். உங்கள் அப்பாவின் கட்டியில் தெரியும் இந்தக் குரோமோசோம் மாற்றம் அவர் பிறக்கும்போது அவரிடம் இருந்ததில்லை. அவருடைய தோலில், ஈரலில், விந்தணுவில் எங்கே தேடினாலும் இது கிடைக்காது. வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வெள்ளணுவில் நடந்த விபத்து இது. அந்த ஓர் அணு பெருகி உருவான கூட்டத்தில் மட்டும்தான் இது இருக்கிறது. ஆகவே உங்களுக்கோ தங்கைக்கோ அவர் இதைக் கொடுத்திருக்க வழியே இல்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் வரக்கூடிய பிரச்சினைகள் வேறு வகை. தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்து வெளிப்படுகிற நோய்கள் அவை. ஃபாலிகுலர் லிம்ஃபோமா அந்தப் பட்டியலில் இல்லை. லிம்ஃபோமா வந்தவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் நோயே அரிது என்பதால், அந்தக் கூடுதலைச் சேர்த்தாலும் அது மிகச் சிறிய எண்தான். அதற்காக யாரும் முன்கூட்டியே டெஸ்ட் செய்துகொள்ளச் சொல்வதில்லை.

தங்கை விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால், இல்லாத சந்தேகமெல்லாம் முளைக்கும். ஆனால் ‘குரோமோசோம் வியாதியாம்’ என்று யாராவது தங்கையைப் பின்னுக்குத் தள்ளினால், அது தவறு என்று தைரியமாகச் சொல்லுங்கள். இதன் பேரில் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்பதை நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சரி, அந்த விபத்து எப்படி நடக்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

நம் ரத்தத்தில் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடியைச் செய்வது அவற்றின் வேலை. உலகில் எத்தனை வகைக் கிருமி உண்டோ அத்தனைக்கும் தனித்தனி ஆன்டிபாடி வேண்டும், ஆனால் அத்தனைக்கும் தனித்தனி ஜீன் வைக்க உடம்பில் இடம் கிடையாது. அதனால் ஒவ்வொரு பி செல்லும் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே தன் 14ஆம் குரோமோசோமில் உள்ள ஆன்டிபாடி ஜீனைத் தானே வெட்டி, துண்டுகளை வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கிறது. ரிப்போர்ட்டில் ஐஜிஹெச் என்று இருப்பது அந்த ஜீன்தான். வெட்டும் வேலையை ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள் செய்கின்றன. உடம்பில் சொந்த டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்ள அனுமதி பெற்ற செல்கள் மிகச் சில. பி செல் அதில் ஒன்று. நோய் எதிர்ப்புச் சக்தி என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு உடம்பு கொடுக்கிற விலை இது.

தினமும் கோடிக்கணக்கில் இந்த வெட்டும் ஒட்டும் பிசகில்லாமல் நடக்கிறது. அபூர்வமாக எப்போதாவது, 14 வெட்டுப்பட்டுக் கிடக்கும் அதே நேரத்தில் 18ஆம் குரோமோசோமும் ஓர் இடத்தில் அறுந்துபோகிறது. ஒட்டும்போது முனைகள் மாறிவிடுகின்றன. 18இன் ஒரு துண்டு 14இல் போய் ஒட்ட, 14இன் துண்டு 18க்குப் போகிறது. ரிப்போர்ட்டில் டி(14;18) என்று எழுதியிருப்பது இந்த இடமாற்றத்தைத்தான். அந்த 18ஆம் குரோமோசோமில் அறுகிற இடம் பெரும்பாலும் பிசிஎல்2 என்ற ஜீனின் ஓரத்தில் ஒரு குறுகிய பகுதியாகவே இருப்பது ஏன் என்பது வெகுநாள் புதிராக இருந்தது. அந்த இடத்தில் டிஎன்ஏ வழக்கமான முறுக்கை விட்டு வேறு வடிவம் எடுக்கிறது, அதைப் பார்த்து ராக் புரதங்கள் ஏமாந்து வெட்டிவிடுகின்றன என்று 2004இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதிய சதீஸ் ராகவன் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வகம் அமைத்து இதே துறையில் தொடர்ந்தவர்.

இடம் மாறினால் என்ன கெடுதல்? பிசிஎல்2 ஜீன் கெட்டுப்போகவில்லை. அது செய்யும் புரதமும் நல்ல புரதம்தான். கெட்டது கட்டுப்பாடு. உங்கள் தோட்டத்து மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் மட்டும் ஓடி நிற்க வேண்டிய மோட்டாரை, இருபத்துநான்கு மணி நேரமும் மின்சாரம் வரும் லைனில் மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டாரில் பழுதே இல்லாமல் வயல் மூழ்கிப்போகும். பி செல்லுக்குள் ஆன்டிபாடி ஜீன்தான் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் லைன். பி செல்லுக்கு வேலையே ஆன்டிபாடி செய்வது என்பதால் அதைத் தூண்டிவிடும் பகுதி 14ஆம் குரோமோசோமில் மிக வலுவாக இருக்கிறது. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிசிஎல்2வும் நிற்காமல் ஓடத் தொடங்கிவிடுகிறது.

பிசிஎல்2 செய்யும் வேலை, செல்லைச் சாகாமல் காப்பது. நெறிக்கட்டிக்குள் பி செல்களுக்கு ஒரு பரீட்சை நடக்கும். கிருமியைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த செல் பிழைக்கும், தெரியாதது அங்கேயே மடியும். மடிய வசதியாக அந்த இடத்தில் பிசிஎல்2 இயல்பாகவே அணைந்திருக்கும். விபத்து நடந்த செல்லில் மட்டும் அது அணையாது. மடிய வேண்டியது மடியாமல் தங்கிவிடுகிறது. இந்த மாற்றம் பெரும்பாலான ஃபாலிகுலர் லிம்ஃபோமாவில், நூற்றுக்கு 85 பேர் அளவில், இருக்கிறது. அதுவரை புற்றுநோய் ஜீன் என்றாலே செல்லை வேகமாகப் பெருக்குவது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் அவருடன் இருந்தவர்களும் பிசிஎல்2 பெருக்குவதில்லை, சாவைத் தடுக்கிறது என்று காட்டியபோது அந்த எண்ணமே மாறியது. உங்கள் அப்பாவின் கட்டி ஒரு வருடமாக மெதுவாக, வலியில்லாமல் இருந்ததற்குக் காரணமும் இதுதான். அவருடைய செல்கள் வெறிகொண்டு பெருகவில்லை; போக வேண்டிய நேரத்தில் போகாமல் மெல்லச் சேர்ந்துகொண்டே இருந்தன.

இந்த மாற்றம் ஒன்று மட்டுமே நோயை உண்டாக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நோயும் இல்லாத பெரியவர்களின் ரத்தத்தை மிக நுட்பமான டெஸ்டில் பார்த்தபோது, ஐரோப்பாவில் பாதிப் பேருக்கும் மேல் டி(14;18) உள்ள செல்கள் லட்சத்தில் ஒன்று என்ற அளவில் கிடைத்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்ஃபோமா வரவே இல்லை. சாகாத செல் வருடக்கணக்கில் மீண்டும் மீண்டும் நெறிக்கட்டிக்குள் போய்வரும்போது கேஎம்டி2டி, க்ரெப்பிபி போன்ற வேறு ஜீன்களிலும் பழுது சேர்ந்த பிறகே அது நோயாகிறது. பத்து, இருபது வருடக் கதை இது. ‘போன வருடம் ஏதாவது கவனிக்காமல் விட்டோமா’ என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால், விட்டுவிடுங்கள்.

இனி அந்த 62 சதவீதம். இந்த ஒரு எண்ணால் எத்தனை குடும்பம் அழுதிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் நெறிக்கட்டி பார்க்கிற நோய்க்குறியியல் மருத்துவர் என்ற முறையில், ஃபிஷ் டெஸ்டில் அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

எடுத்த கட்டியை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவோம். 14ஆம் குரோமோசோமின் ஐஜிஹெச்சைத் தேடி ஒட்டிக்கொள்ளும் பச்சைச் சாயமும், 18இன் பிசிஎல்2வைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆரஞ்சுச் சாயமும் அதன்மேல் விடுவோம். இருட்டறையில் பார்த்தால் நீல வட்டங்களாக செல்களின் உட்கருக்கள் தெரியும். நல்ல செல்லில் இரண்டு பச்சைப் புள்ளி, இரண்டு ஆரஞ்சுப் புள்ளி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். மாற்றம் நடந்த செல்லில் பச்சையும் ஆரஞ்சும் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக இரண்டு புள்ளி இருக்கும். மாறாமல் மிஞ்சிய ஒரு பச்சையும் ஓர் ஆரஞ்சும் தனியே நிற்கும். அப்படி 200 உட்கருவை எண்ணியதில் 124இல் மஞ்சள் தெரிந்தது. ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான்.

எண்ணியது அந்த ஒரு துண்டில். மற்ற 76 செல்கள் ஏன் மாறவில்லை? ஃபாலிகுலர் லிம்ஃபோமாக் கட்டிக்குள் நோய்ச் செல்களுக்கு இடையே டி செல்கள் என்ற வேறு வகை நல்ல வெள்ளணுக்களும் மற்றவையும் ஏராளமாகக் கலந்திருக்கும். அதோடு உட்கருவின் அகலத்தைவிட மெல்லியதாகச் சீவுவதால் சில உட்கருக்கள் பாதியாக வெட்டுப்பட்டுப் புள்ளியை இழந்துவிடும். வேறொரு கட்டியை எடுத்து எண்ணியிருந்தால் 50 வந்திருக்கலாம், 80 வந்திருக்கலாம். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. அதைச் சொல்வது பெட்-சிடி ஸ்கேனும், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும். அதில் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று வந்தாலும் நடுங்க வேண்டாம். இந்த நோய் கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பல இடங்களில் இருக்கும். குடல், நுரையீரல் புற்றில் நான்காம் நிலை என்று சொல்வதும் இதுவும் ஒன்றல்ல.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியதும் பார்த்து நிம்மதி அடைந்ததும் வேறொரு வரி: ‘மைக் ஜீனில் மாற்றம் இல்லை.’ நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரி.

மைக் என்பது 8ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜீன். அது செல்லைப் பெருகச் சொல்லும். டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1958இல் உகாண்டாவில் சிறு பிள்ளைகளின் தாடையில் கிடுகிடுவென வளரும் கட்டிகளைப் பற்றி எழுதினார். பின்னாளில் அந்தக் கட்டிகளில் 8உம் 14உம் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதை 1976இல் கண்டார்கள். அங்கே மைக் ஜீன்தான் ஆன்டிபாடி ஜீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது 1982இல் தெளிவானது. அதே 14, அதே தூண்டும் பகுதி. பக்கத்தில் வந்த ஜீன் வேறு என்பதால் நோயின் குணமே வேறாகிவிட்டது. பர்கிட் லிம்ஃபோமா நாட்கணக்கில் இரட்டிக்கும். அன்றைக்கே படுக்கவைத்து மருந்து தொடங்கியாக வேண்டும். அப்படித் தொடங்கினால் பிள்ளைகள் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடுவார்கள். 11உம் 14உம் மாறி சைக்ளின் டி1 ஜீன் ஓடத் தொடங்கினால் அது மேன்டில் செல் லிம்ஃபோமா. அதற்கு மருத்துவம் தனி. இப்படி எந்த எண்ணோடு எந்த எண் சேர்ந்தது என்பதை வைத்தே நோயின் பெயரும் மருந்தும் முடிவாகின்றன. ஃபிஷ்ஷுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யச் சொன்னது வீண் செலவு இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மைக்கும் பிசிஎல்2வும் ஒரே செல்லில் சேர்ந்து மாறுவதைத்தான் நாங்கள் அஞ்சுவோம். மைக் மட்டும் கட்டுக்கடங்காமல் ஓடினால் செல் பெருகும், ஆனால் அந்த வேகத்திலேயே சாகவும் செய்யும். பிசிஎல்2 அந்தச் சாவையும் தடுத்துவிட்டால் பெருக்கம் மட்டும் மிஞ்சும். டபுள் ஹிட் என்று சொல்லும் அந்த லிம்ஃபோமாவுக்கு வழக்கமான கீமோ பல நேரம் போதாது. உங்கள் அப்பாவுக்கு அது இல்லை. இருந்திருந்தால் அந்த மருத்துவர் உங்களை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கவே மாட்டார்.

இனி, ஏன் மருந்து தரவில்லை? கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அறிகுறி இல்லாத ஃபாலிகுலர் லிம்ஃபோமாவில் காத்திருந்து கண்காணிப்பதும் ஒரு வைத்திய முறை, சோதித்துப் பார்த்த முறை. பிரிட்டனில் ஒரு பாதிப் பேருக்கு உடனே குளோராம்புசில் மாத்திரையும், மறு பாதிக்கு நோய் தொந்தரவு தரும்வரை கண்காணிப்பும் என்று பிரித்துப் பல வருடம் பார்த்தார்கள். 2003இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: இரு பக்கமும் வாழ்நாளில் வித்தியாசம் இல்லை. பி செல்களைக் குறிவைத்துத் தாக்கும் ரிடுக்ஸிமேப் என்ற ஊசி மருந்து வந்த பிறகு அதை வைத்தும் பார்த்தார்கள். முன்கூட்டியே கொடுத்தால் அடுத்த மருந்து தேவைப்படும் நாள் தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. இன்றுள்ள மருந்துகளால் இந்த நோய் வெகுநாள் அடங்கியிருக்கும், பிறகு திரும்ப வரும் சுபாவம் கொண்டது. எப்படியும் ஒருநாள் தேவைப்படும் மருந்தை, தொந்தரவு இல்லாத காலத்திலேயே செலவழிக்காமல் வைத்திருக்கிறார் உங்கள் மருத்துவர். அது நல்ல முடிவு என்றுதான் நானும் சொல்வேன்.

மாத்திரை பற்றி நண்பர் சொன்னதும் உண்மைதான். வெனிடோக்ளாக்ஸ் என்று பிசிஎல்2வை நேராகப் பிடித்து அடக்கும் மாத்திரை 2016 முதல் சில ரத்தப் புற்றுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. சிஎல்எல் என்ற ரத்தப் புற்றில் அது மிக நன்றாக வேலை செய்கிறது. ஃபாலிகுலர் லிம்ஃபோமாவில் எதிர்பார்த்த அளவுக்குக் கேட்கவில்லை. பிசிஎல்2வுக்குப் பின்னால் சேர்ந்த மற்ற பழுதுகளும் செல்லைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் அந்த மாத்திரைக்காகக் கடன் வாங்க ஓடாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டிய காவல் ஒன்று இருக்கிறது. மாலையில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது, இரவில் சட்டை பிழிகிற அளவுக்கு வேர்ப்பது, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது, இடது விலாவுக்குக் கீழே கனமாக இருப்பது, மூச்சு வாங்குவது, ஒரு கட்டி மட்டும் திடீரென்று மற்றவற்றைவிட வேகமாகப் பெருப்பது: இதில் எது வந்தாலும் மூன்று மாதம் ஆகட்டும் என்று இருக்காமல் உடனே போங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். மெதுவாக இருந்த நோய் வேக வகையாக மாறுவது வருடத்துக்கு நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு நடக்கிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் வேகமாக வளர்ந்த அந்தக் கட்டியிலிருந்தே மீண்டும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்; கைக்கு எட்டுகிறது என்று பழைய கட்டியில் எடுத்தால் பயனில்லை. மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இன்னொன்று. கட்டியைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை, அதை பிளாக் என்போம், மற்றும் ஸ்லைடுகள் பெங்களூரு ஆய்வகத்தில் இருக்கும். அவை உங்கள் அப்பாவுக்கு உரியவை. சேலத்திலோ வேலூரிலோ சென்னையிலோ இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பிளாக் இருந்தால் இன்னொரு முறை கத்தி வைக்காமலே வேண்டிய டெஸ்டைச் செய்துகொள்ளலாம். சித்திரை வெயிலில் பஸ்ஸில் போனால் மெழுகு இளகும். சின்ன டப்பாவில் போட்டு, நிழலில், சூடு படாமல் எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையில் எந்த மருந்துக்குச் செல்லும் என்பதை மருந்து தொடங்கும் நாளுக்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிடுக்ஸிமேப் தொடங்கும் நாள் வந்தால், அதற்கு முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாகிவிட்டதா என்று நீங்களே ஒருமுறை கேளுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியை அந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். 2007இல் இந்தியாவிலேயே ரிடுக்ஸிமேப் தயாரிக்கத் தொடங்கிய பிறகு அதன் விலை முன்புபோல எட்டாத உயரத்தில் இல்லை.

தண்ணீர் பற்றி: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளோரைடு பல்லைக் கறையாக்கும், எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். லிம்ஃபோமாவை அதன் தலையில் கட்ட ஆதாரம் இல்லை.

பூச்சி மருந்து விஷயத்தில் இவ்வளவு சுலபமாகக் கையைக் கழுவ முடியாது. பிரான்ஸில் விவசாயிகளின் ரத்தத்தைப் பார்த்த ஆய்வொன்றில், பூச்சிக்கொல்லி புழங்கியவர்களிடம் இதே டி(14;18) செல்கள் அதிகம் இருந்தன. 2009இல் அது வெளியானது. லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவை (உங்கள் அப்பாவின் நோயும் அதில் ஒரு வகை) உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் உறுதியாகவே அறிவித்தது. நம் நாட்டில் இப்போது அதற்குத் தடை இருக்கிறது, ஆனால் உங்கள் அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் இல்லை. அதற்காக அவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். மருந்தே தெளிக்காதவர்களுக்கும் இது வருகிறது. அவர் மனதில் குற்ற உணர்ச்சியை ஏற்றிவிடாதீர்கள். ஆனால் இனி தெளிக்கப் போகிறவர் நீங்கள். தக்காளிக்கு வாரம் தவறாமல் டேங்க் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வெறுங்கையில் மருந்து கலக்குவதையும், முதுகில் டேங்க் ஒழுகி ஈரமான சட்டையோடு சாயங்காலம்வரை நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மருந்து மூக்கால் போவதைவிடத் தோலால் போவது அதிகம். ரப்பர் கையுறை போட்டுக் கலக்குங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்காதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அந்தத் துணியைத் தனியே துவையுங்கள். அப்பாவை இனி டேங்க் தூக்க விடாதீர்கள்.

அப்புறம், உங்களுக்கும் மனைவிக்கும் எழுதிக் கொடுத்த டெஸ்ட். அது முற்றிலும் வேறு சங்கதி. அதில் தேடுவது பிறவியிலேயே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிற இடமாற்றத்தை. அப்படி இருப்பவருக்கு எந்த நோயும் இருக்காது. துண்டுகள் இடம் மாறியிருந்தாலும் கணக்கு சரியாக இருப்பதால் அவர் நன்றாகவே இருப்பார். கருவுக்குப் போகும்போது மட்டும் ஒரு துண்டு கூடவோ குறையவோ போய், கரு தங்காமல் போகலாம். திரும்பத் திரும்பக் கரு கலையும் நூறு தம்பதிகளில் மூன்று நான்கு பேரிடம்தான் இது கிடைக்கிறது. மற்றவர்களிடம் தைராய்டு, கர்ப்பப்பை அமைப்பு, ரத்தம் உறையும் கோளாறு என்று வேறு காரணங்கள் இருக்கும், அல்லது எதுவுமே அகப்படாமல் அடுத்த கரு தானாகவே தங்கும். அப்பாவின் நோயைக் காரணம் காட்டி அந்த டெஸ்டைச் செய்யவும் வேண்டாம், பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். கரு கலைந்ததற்காக மட்டும் செய்யுங்கள். மனைவியை மட்டும் அனுப்பிவைத்துவிட்டு நீங்கள் ஒதுங்காதீர்கள். இந்த மாற்றம் ஆணிடமும் இருக்கலாம், இருவர் ரத்தமும் ஒரே நாளில் போக வேண்டும். செல்லை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் என்பதால் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். சீட்டில் எழுதும்போது ‘மாமன் மகள், நெருங்கிய சொந்தம்’ என்பதையும் டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.